எழுபத்தெட்டு அக்கா

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டிய பிறகுதான் தோளில் தொங்குவது யாருடைய பை என்று கவனித்தேன். எடை மெஷின் வைக்கும் பை அது. மெஷினை மதியமே ஆபீசில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அறையைக் காலி செய்யும்போது கையில் அகப்பட்ட அந்தப் பையில் இரண்டு சட்டையையும் ஒரு கைலியையும் திணித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று நின்றேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஒதுங்கி, தெற்கே பார்த்து நடந்தேன்.

கிளம்பும்போது தாண்டி வந்த பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அதன் முன்னால் அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த செல்வியும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். நைட்டிமேல் துப்பட்டா, வெறுங்கால், நடப்பதற்குத் தயாராக வந்திருந்தார்கள். செல்வி பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவள் திரும்புவதற்குள் நான் சந்தில் நுழைந்துவிட்டேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாவதில் பாதியில் நின்றவன். மீன்பிடித் துறையில் ஐஸ் உடைத்திருக்கிறேன், டெம்போவில் கிளீனராக இருந்திருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவியிருக்கிறேன். எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்குமேல் தங்கியதில்லை. ஒரு கதவின் தாழ்ப்பாள் கைக்குப் பழகிவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். அக்காவிடம்தான் பதினோரு மாதம் இருந்தேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். அந்த நாலு தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. எழுபத்தெட்டு என்றால் அவர்தான். நான் சேர்ந்தபோது அதுதான் அவருடைய எடை.

சுகாதார ஆபீசில் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது, குட்டையான உருவம், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். வீடு வீடாகப் போய் எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது, கூடுதலாக இருப்பவர்களுக்கும் குறைவாக இருப்பவர்களுக்கும் ஆலோசனை சொல்வது அவர் வேலை. மெஷினையும் மடக்கு மேசையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்த தினக்கூலி. முப்பத்துநாலு வயது ஆளுக்கு இது கனமான வேலை இல்லை.

வாசலில் மெஷினை வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அக்காதான் ஏறுவார். ஏறி, தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைப் படிப்பார். "எழுபத்தெட்டு." பிறகு இறங்கி, "வாம்மா" என்பார். அதற்கப்புறம் யார் ஏறினாலும் எண் வெளியே வராது. எட்டிப் பார்த்து எழுதி, நோட்டை மூடிவிடுவார். ஏறியவள் கேட்டால் அவள் காதில் மட்டும் சொல்வார். மாமியார் கேட்டாலும் புருஷன் கேட்டாலும், "அது அவங்களுது, அவங்களையே கேளுங்க" என்று முடித்துவிடுவார். ஒரு நாளைக்கு இருபது வீடு என்றால் இருபது தடவை ஏறி இறங்குவார். பத்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த எடை மாறியிருக்கப்போவதில்லை, எதற்கு ஒவ்வொரு வாசலிலும் ஏற வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"அடுத்த ஊட்டுல நான் ஏறுனத இந்த ஊட்டுக்காரி பார்த்தாளா?" என்றார். "மெஷினு மொதல்ல என்ன ஏசணும் தம்பி. அப்பறந்தான் அவங்களுக்குக் கால் வரும்."

தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் வம்புக்கு இழுப்பார். மெஷின் தாங்குமா அக்கா என்று கேட்பார். "போன வாரம் உன் ஆட்டோவுல அஞ்சு பேரோட ஆறாவதா என்ன ஏத்தனியே, அது தாங்கிச்சில்ல. அதவிட இது நல்ல கம்பெனி" என்பார் அக்கா. அவர் சிரித்துவிடுவார். மூன்றாம் மாதம் அவரே ஒருநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏறினார். அவருடைய எண்ணையும் அக்கா சொல்லவில்லை.

ஆபீசில் கட்டுக்கட்டாக நோட்டீஸ் கொடுத்து அனுப்புவார்கள். வழவழ தாள். வெள்ளை ஷூ போட்ட ஒரு பெண் கடற்கரை ரோட்டில் கையில் ஆப்பிளோடு நடக்கிற படம். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும், பழங்கள் சாப்பிடவும், கவலையில்லாமல் தூங்கவும் என்று போட்டிருக்கும். எங்கள் மெஷின் சமதரையில்தான் சரியாகக் காட்டும். அந்தத் தெருக்களில் சமமான வாசல் கிடைப்பது கஷ்டம். ஒன்று சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், இல்லை ஒரு கல் தூக்கிக்கொண்டிருக்கும். அக்கா ஒரு நோட்டீசை எடுத்து நாலாக மடித்து, ஆடும் காலுக்கடியில் சொருகுவார். "எல்லாருக்கும் ஒரே நோட்டீஸ் அடிச்சிட்டாங்க. எல்லார் ஊட்டுத் தரையும் ஒண்ணாவா இருக்குது?"

அதற்காக நோட்டீசைக் கொடுக்காமல் விட்டதில்லை. கொடுத்துவிட்டு, இதில் உன்னால் எது முடியும் என்று கேட்பார். அப்படிக் கேட்டபோதுதான் செல்வி அந்த விஷயத்தைச் சொன்னாள்.

செல்வி வெள்ளைக்கார வீடுகள் இருக்கிற பக்கம் இரண்டு வீட்டில் வேலை பார்த்தாள். நாற்பது வயது, சர்க்கரை உண்டு, இடது முழங்காலில் வலி. கடற்கரை ரோட்டில் சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள், நீ வேலை முடிந்து வருகிற வழிதானே, அங்கே அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் என்ன என்று அக்கா கேட்டார்.

"அங்க எங்க அம்மா நடப்பாங்கக்கா" என்றாள் செல்வி. அம்மா என்றது வேலை பார்க்கிற வீட்டுக்காரியை. "எதிர்ல நான் கைய வீசிக்கினு நடந்து வந்தா இன்னா நெனப்பாங்க? உடம்புல இவ்ளோ தெம்பு மிச்சம் இருக்குதா, நாளையிலேர்ந்து மாடியையும் சேத்துப் பெருக்குன்னுவாங்க."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தார். அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், அவருடைய அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து டவுன் முழுக்க நடந்தவர் என்று சொன்னார். "முப்பது வருசம் நடந்துச்சி. யாரும் அத வாக்கிங்குன்னு சொல்லல. மெலிஞ்சும் போவல. கூடைய எறக்குன எடத்துல கெடைக்கறத துன்னுட்டு மறுபடி தூக்கும்."

சாப்பாட்டு விஷயத்தில் குறை என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்பார். ஒரு வீட்டில் தாய்க்கு எடை அதிகம், ஐந்து வயது மகளுக்குக் குறைவு. ஒரே பானைச் சோறு, எப்படி இப்படி என்று எனக்குப் புரியவில்லை. அக்கா உலைக்கு எத்தனை டம்ளர் அரிசி என்று கேட்டார். நாலு என்றாள் அந்தப் பெண். யார் சொன்ன கணக்கு என்று கேட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் கணக்கு, கொழுந்தனார் கூட இருந்தார் என்றாள். கொழுந்தனார் இப்போது எங்கே என்றால், திருப்பூருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். மிஞ்சுகிற சோற்றைக் கொட்ட மனசு வராமல் கடைசியாக உட்காருகிற இவள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசமா உங்க கொழுந்தனார் சோத்தையும் நீயே துன்றியா?" என்றார் அக்கா. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று டம்ளர் போடு, மிச்சமாகிற அரிசிக்குப் பதில் வாரத்துக்கு நாலு முட்டை வாங்கி மகளுக்குக் கொடு என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கே நோட்டீசுக்கு வேலை வரவில்லை.

ஆனால் எல்லாம் டம்ளரில் தீருகிற விஷயமாக இருக்கவில்லை. அந்த நாலு தெருவில் ஒரு ஆள் கையை வீசி நடக்க முடியாது. இரண்டு பக்கமும் பைக் நிற்கும். நடுவில் நாய். காலையில் ஆறு மணிக்குப் போய் சாயங்காலம் வருகிற பெண்கள் வீட்டுக்குள் நுழைந்தால் பத்தடிக்குப் பத்தடி. வெளியே வந்தால் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற தெரு. எனக்கே அங்கே குடியிருந்தபோது தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் வானம் முழுதாகத் தெரிகிற ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூட மைதானம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டுக்கு எதிரே கேட். நாலரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

அந்தக் கேட்டைத் திறக்க வைப்பதற்கு அக்காவுக்கு ஏழு மாதம் ஆனது. ஆபீசில் கேட்டால் பள்ளிக்கூடம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் மேலே எழுதி வாங்கி வா என்பார்கள். மேலே கேட்டால் கடற்கரை ரோடு இருக்கிறதே என்பார்கள். ஒருவழியாக மூன்று மாதத்துக்கு அனுமதி வந்தது. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை, பெண்களுக்கு மட்டும், ஒரு லைட். மூன்று மாத முடிவில் பலன் காட்ட வேண்டும். காட்டினால் தொடரலாம். சாவியை அக்கா புடவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் இருபத்தாறு பேர். அக்காவும் கூட நடப்பார். நான் கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பின்னால் காலடிச் சத்தமும் பேச்சும் சுற்றிச் சுற்றி வரும். மாமியார் பேச்சு ஒரு சுற்றில் ஆரம்பித்தால் மூன்று சுற்றுக்கு ஓடும். செல்வி வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவாள். இரண்டாம் மாதம் கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தாள்.

ஒருநாள் நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பழக்க தோஷத்தில் உள்ளே பார்க்காமலே வாட்ச்மேன் கேட்டைத் தன்னிடமிருந்த பூட்டால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் வந்து பார்த்தபோது இருபத்தாறு பேரும் அக்காவும் உள்ளே. பதற்றமாகி, ஓடிப் போய் வாட்ச்மேனைக் கூட்டி வருகிறேன் என்றேன். செல்வி கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். "மெதுவாப் போண்ணே" என்றாள். "இங்க இருந்தா யாராலயும் சோறு போடுன்னு கூப்புட முடியாது."

உள்ளே எல்லோரும் சிரித்த சத்தம் சொல்தா வீட்டு ஜன்னலைத் திறக்கவைத்தது. நான் மெதுவாகத்தான் போனேன். திரும்பி வரும்போதும் நடந்துகொண்டிருந்தார்கள். பூட்டிய கேட்டுக்குள் மனிதர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இனி நாடா விஷயம்.

மூன்று மாதத்தில் எடை பெரிதாகக் குறையாது, இடுப்புச் சுற்றளவில்தான் தெரியும் என்று அக்கா ஆபீசில் சொல்லியிருந்தார். அப்படியானால் எல்லோருக்கும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள் என்றார்கள். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் நிற்கவைத்து இடுப்பில் டேப் போட்டு எண்ணை எழுதுவதா, தெருவே பார்க்குமே என்றார்கள். அக்காவுக்கும் அதில் இஷ்டமில்லை. எண் என்று ஒன்று தாளில் ஏறிவிட்டால் அது யார் வாய்க்காவது போய்விடும் என்பார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். உள்பாவாடைக்குக் கோக்கிற பருத்தி நாடா ஆளுக்கு இரண்டு மீட்டர். அவரவர் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நுனியைத் தொப்புளில் பிடித்துச் சுற்றி, அது வந்து சேருகிற இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல். மூன்று மாதம் கழித்து அதே நாடாவில் அதே மாதிரி பச்சை நூலால் ஒரு தையல். பச்சை, சிவப்புக்கு உள்ளே வந்தால் இடுப்பு குறைந்திருக்கிறது. வெளியே போனால் கூடியிருக்கிறது. இரண்டு தையலுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் ஆபீசுக்குக் கொடுத்தால் போதும். யாருடைய இடுப்பும் யாருக்கும் தெரியாது.

நாடா வாங்கப் போனது நான். இழுத்தால் நீளாத நாடாவாகப் பார்த்து வாங்கு என்று அக்கா சொல்லி அனுப்பினார். பெரிய மார்க்கெட்டில் ஒரு கடையில் நல்ல கெட்டி நாடா கிடைத்தது. கடைக்காரர் இரண்டிரண்டு மீட்டராக வெட்டிக் கட்டிக் கொடுக்கும்போது, "பருத்தி, மொதத் தண்ணியில சுருங்கும். நனைச்சி காயவச்சிட்டு யூஸ் பண்ணச் சொல்லுங்க" என்றார். அளக்கிற நாடாவை யார் நனைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. மறந்தும் போனேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஆபீசில் கூட்டம் நடக்கப்போவதற்கு முதல்நாள் மதியம் பெண்கள் நாடாவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பாவாடை தளர்ந்துவிட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் போனபிறகு அக்காவும் நானும் மடக்கு மேசையில் ஒவ்வொன்றாக விரித்தோம். முதல் நாடாவில் பச்சை வெளியே இருந்தது. இரண்டாவதிலும் வெளியே. ஆறேழு நாடாவைத் தவிர எல்லாவற்றிலும் பச்சை சிவப்பைத் தாண்டி இரண்டு விரல், மூன்று விரல் வெளியே கிடந்தது.

அக்கா ஒரு நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது லேசாக நீலம் பூத்திருந்தது, அங்கங்கே சுருக்கம் விழுந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"சோப்பு வாசன" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "பாவாடையில கோத்துட்டாளுங்க தம்பி. நல்ல புது நாடாவக் கையில குடுத்துட்டு, ஆணியில மாட்டி வையுன்னா எவ மாட்டுவா? நானா இருந்தாலும் கோத்திருப்பேன்."

வாராவாரம் துவைத்திருக்கிறார்கள். தையல் போட்ட இடத்திலிருந்து நுனி வரை நாடா சுருங்கியிருக்கிறது, இடுப்பு குறைந்திருந்தாலும் பச்சை சிவப்பைத் தாண்டித்தான் விழும். இடுப்பு உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முதல் அளவை எந்த நோட்டிலும் அவர் எழுதவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடக்காரன் எதனா சொன்னானா? சுருங்கும், கிருங்கும்னு?"

"இல்லக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான்.

மறுநாள் கூட்டத்தில் பல பேர் பலன் சொல்ல வந்திருந்தார்கள். கடற்கரை ரோட்டில் காலையில் நடக்கிற குழு ஒன்று படமெல்லாம் போட்டுக் காட்டிக் கேடயம் வாங்கியது. எங்கள் பெண்களில் எட்டுப் பேரை வரச் சொல்லியிருந்தார்கள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வியும் இருந்தாள். நான் மெஷினோடு கதவோரம் நின்றேன்.

எங்கள் தாள் வந்தது, நாடாவில் இருந்ததை அக்கா அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரி நல்ல மனிதர்தான், தாளில் இருந்ததைத்தான் படித்தார். "மூணு மாசம் கிரவுண்டத் தொறந்து, லைட்டு போட்டு, முக்காவாசிப் பேருக்கு இடுப்பு கூடியிருக்குது. எப்படிம்மா?"

முன்வரிசையில் சிரிப்பு வந்தது. அக்கா எழுந்தார். "இடுப்பு கூடல சார். நாடா சுருங்கிட்டுது."

"நாடா ஏன் சுருங்குது?"

"தண்ணி பட்டா சுருங்கும் சார்."

"அளக்கற நாடாவுல தண்ணி எப்படிப் பட்டுச்சி?"

சொன்னால் முடிந்துவிடும். துவைத்துவிட்டார்கள் என்று ஒரு வரி. எங்கே போட்டுத் துவைத்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஹாலில் நாற்பது ஆண்கள் இருந்தார்கள், போட்டோ எடுக்கிறவர் இருந்தார். அக்கா ஒரே ஒரு முறை கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் செல்விக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவள் முந்தானையை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான்தான் நனைச்சிக் காயவச்சிக் குடுத்திருக்கணும் சார். குடுக்கல. தப்பு என்னுது."

கூரை ஒழுகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. கடைக்காரன் என்னிடம் சொன்னான், நான்தான் சொல்லவில்லை என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். கதவோரத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் போதும். கையில் மெஷின் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அக்காதான் என்னைக் கூப்பிட்டார். மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். ஹாலுக்கு நடுவில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். "எழுபத்தி நாலு" என்று படித்தார். "நானும் கூட நடந்தேன் சார். நாலு கிலோ. மூணு மாசத்துல ஒரு நாளும் உடல. இதையாவது எழுதிக்குங்க."

அதிகாரி சங்கடமாகச் சிரித்தார். "நீங்க ஸ்டாஃபும்மா. பயனாளி கணக்குல வரமாட்டீங்க."

அவர் இறங்கினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் அந்த எட்டுப் பேருக்கும், வராத பதினெட்டுப் பேருக்கும் சொந்தமாக இருந்தது அந்தச் சாவியால்தான்.

வெளியே வந்ததும் தன்னைக் கதிர்காமம் பக்கம் மாற்றியிருப்பதாகச் சொன்னார். தண்டனையாகச் சொல்லவில்லை, ஏற்பாடாகச் சொன்னார். மெஷினை ஆபீசில் தரையில் வைக்காதே, ஈரம் ஏறும், மேசைமேல் வை என்றார். காலையில் எட்டு மணிக்கு வந்துவிடு, புது இடம், தெருவெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸுக்குப் போகத் திரும்பியவர் நின்றார்.

"தம்பி, நாடா விக்கறவன் சுருங்கும்னு சொல்லாம குடுக்க மாட்டான்."

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பு வார் ஒரு பக்கம் ஊக்குப் போட்டிருந்தது.

"வுடு" என்றார். "எட்டு மணிக்கு வந்துடு."

திட்டியிருந்தால் எட்டு மணிக்குப் போயிருப்பேன்.

நெல்லித்தோப்பு வரும்போது கடைகளில் கூட்டம். பையைத் தோள் மாற்றிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் மேற்கே திரும்பினேன். அக்கா காலையில் மெஷினை எதில் வைத்துத் தூக்குவார் என்று யோசனை வந்தது. கூட வந்துகொண்டே இருந்தது. ரெட்டியார்பாளையம் தாண்டியும் அது போகவில்லை. எந்த ஊரிலும் இப்படி எதையும் நான் எடுத்துக்கொண்டு கிளம்பியதில்லை. ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்தேன்.

விடிந்ததும் டீக்கடைக்காரர், பக்கத்து எடைமேடையில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். லாரிகளை எடை போடுகிற இடம். முதலாளி எனக்கு எண் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். வேலை சுலபம். லாரி மேடையில் ஏறியதும் டிரைவரையும் கிளீனரையும் இறங்கச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு மேல் சிவப்பு விளக்கில் எரிகிற எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். எட்டு மணி சுமாருக்கு முதல் லாரி வந்து மேடைக்கு முன்னால் நின்றது. செங்கல் லோடு.

நான் கையைக் காட்டி அதை அங்கேயே நிற்கச் சொன்னேன். பையைக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையின் நடுவுக்கு நடந்துபோய் நின்றேன். இரும்புத் தகடு குளிர்ந்திருந்தது. விளக்கில் சைபர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மாறியது. பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.

"அறுபது" என்று, லாரிக்குள் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி படித்தேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, யாருக்கய்யா சொல்கிறாய் என்று கேட்டான். நான் இறங்கி, லாரியை மேடையில் ஏற்றச் சொன்னேன்.